வாழைத்திடல் கல்வெட்டு

காந்தி மார்க்கெட் வாசலில் புலவர் பிலோமின்ராஜ் ஒரு கட்டு வாழையிலையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டபோது இருசம்மாள் விலையைச் சொல்லவில்லை. இலையின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, "என் கேள்வி எந்திரிச்சிதா, வாத்தியாரய்யா?" என்று கேட்டாள்.

புலவருக்கு எரிச்சலாக வந்தது. முந்தின நாள் காலையில்தான் மெட்ராஸிலிருந்து திரும்பியிருந்தார். ரயிலில் தூக்கமில்லை. பாலக்கரை வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து மனைவி லூர்துராணி எதுவும் கேட்காமல் இருந்தாள்; கேட்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு தனித் திறமை உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் விக்டர் மட்டும் என்ன ஆச்சு என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், கேள்வியை மேல்சபைக்குக் கொடுத்திருக்க வேண்டும், கீழ்சபை என்றால் கீழ்சபைதான் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். ஆசிரியர்கள் தனியாக ஓட்டுப் போட்டு மேல்சபைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஓட்டு ஒன்று கையில் இருந்ததால், விக்டர் தன்னை ராஜ்ய நிர்வாகத்தில் ஒரு மாடி உயரத்தில் குடியிருப்பவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

புலவர் மறுபடி இலையைத் தொடப் போனதும் இருசம்மாள் இலைக்கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "எம்எல்ஏ வீட்டுல போய்க் கேட்டா, கேள்வி எழுப்பியாச்சுங்கறாங்க. எழுப்பினது எந்திரிச்சிதா, இல்ல மறுபடி படுத்துக்கிச்சான்னு நீங்கதான் சொல்லணும்."

இருசம்மாளின் ஊர் வாழைத்திடல். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவுக்குள்ளேயே, ஒரு வாய்க்கால் வளைந்து சுற்றி உண்டாக்கியிருக்கும் இன்னொரு சின்னத் தீவு. ஊருக்குள் போக வாய்க்காலின் மேல் கல் பலகை பரப்பிய ஒரு பாலம் இருந்தது. மாட்டுவண்டி போகும், எதிரே இன்னொரு மாட்டுவண்டி வந்தால் இரண்டு வண்டிக்காரர்களும் ஒருவர் குலத்தை ஒருவர் விசாரித்த பிறகு ஒன்று பின்னால் போகும். எழுபத்தேழு வெள்ளத்தில் திருச்சி டவுனே மொட்டை மாடிகளில் ஏறி நின்றபோது, அந்தப் பாலம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் ஊர்க்காரர்கள் ஒரு தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். தற்காலிகமாக என்று சொல்லித்தான் போட்டார்கள். அந்த மரத்தின் மேல்தான் இருசம்மாள் இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, தினமும் விடியற்காலையில் நடந்து வந்தாள். தன் வரையில் அவளுக்குப் புகார் இல்லை. புகார் சம்பந்தி வீட்டால் வந்தது.

மகள் காளியாயியை மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொடுத்தாள். எழுபத்தொன்பது தையில் கல்யாணம். பெண்ணழைக்க வந்த சம்பந்தி அமிர்தம், பட்டுப்புடவையும் கையில் தாம்பாளமுமாகத் தென்னை மரத்தின் நடுவுக்கு வந்து கீழே பார்த்தாள். பார்க்காதே என்று இரண்டு கரையிலிருந்தும் கத்தினார்கள், அதனால்தான் பார்த்தாள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு சகிதம் இடுப்பளவு சேற்றில் போய் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை என்று இருசம்மாள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். நாதஸ்வரக்காரர் தும்மியதை அமிர்தம் தவறாக எடுத்துக்கொண்டாளாம். சேற்றில் நின்றபடியே அவள் தீர்ப்புச் சொன்னாள்: பாலம் வந்த பிறகுதான் இந்த ஊருக்குள் தன் கால் படும், அதுவரை தன் மருமகளின் காலும் படாது. சொன்னபடியே மறுவீட்டுக்கு அனுப்பவில்லை. மாசி மகத்துக்கு அனுப்பவில்லை. இப்போது பங்குனியில், காளியாயிக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். இருசம்மாளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. ஆவணியில் ஏழாம் மாசம். வளையல் அடுக்கி, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். தாய் வீட்டுக்கு வழி ஒரு தென்னை மரம்.

அவள் புலவரிடம் வந்தது, அவர்தான் எம்.எல்.ஏ.வுக்கு எழுதித் தருகிறவர் என்று மார்க்கெட் முழுக்கத் தெரிந்திருந்ததால். அது தெரிந்திருந்ததற்குக் காரணம், புலவரே எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

எம்.எல்.ஏ. தர்மராஜ் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. அவர் வேட்டிக் கரையே இரண்டு முறை மாறியிருக்கிறது. மேடையில் ஒரு மணி நேரம் பேச அவருக்கு வரும், தாளில் ஒரு வரி எழுத வராது. கோட்டைக்குப் போன இரண்டு வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கேள்விகூட இல்லை என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே புலவருக்கு ஆள் வந்தது. ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டு முன்னறையில் தர்மராஜ், மாலைகள் காய்ந்து தொங்கும் ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்து, "புலவரே, எனக்கு ஒரு கேள்வி வேணும்" என்றார். எதைப் பற்றி என்று புலவர் கேட்டதற்கு, எதைப் பற்றியாவது, ஆனால் நட்சத்திரம் போட்ட கேள்வியாக இருக்க வேண்டும் என்றார். நட்சத்திரக் குறி போட்டால் அமைச்சர் சபையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். போடாவிட்டால் பதில் அச்சடித்து வரும், அதை அச்சுக் கோத்தவரைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள்.

சட்டமன்ற விதிகள் புத்தகம் ஒன்று தர்மராஜிடம் பிரிக்காத ரிப்பனோடு இருந்தது. புலவர் அதை வாங்கி வந்து இலக்கணம் படிப்பது போலப் படித்தார். கேள்வி நேரம் என்பது காலையில் முதல் ஒரு மணி நேரம். பேரவைத் தலைவர் பெயரைக் கூப்பிட்டால் உறுப்பினர் எழுந்து கேள்வியின் எண்ணை மட்டும் சொல்லவேண்டும். கேள்வியை வாசிக்கக்கூடத் தேவையில்லை. அமைச்சர் பதிலை வாசிப்பார். அதன் பிறகு துணைக் கேள்விகள். இதில் புலவருக்குப் பிடிக்காத விதி ஒன்று இருந்தது. கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது, ஊகம் இருக்கக்கூடாது, அடைமொழி இருக்கக்கூடாது, எள்ளல் இருக்கக்கூடாது. 'பொன்னி நதி பாய்ந்தும் புண்ணாகிப்போன நெஞ்சங்களோடு' என்று ஆரம்பித்து இருசம்மாளின் பாலத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் அவர் முதலில் எழுதியது, செயலகத்திலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அவர் முகத்தைப் பார்த்து லூர்துராணி கேட்டாள்: "அதெல்லாம் இல்லாம உங்களுக்கு வேற என்ன எழுத வரும்?"

இரண்டாவதாக எழுதியதை, வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற ஓவர்சியர் பரக்கத் அலியிடம் காட்டினார். பரக்கத் அலி சைக்கிளிலிருந்து இறங்காமலே படித்துவிட்டு, மரியாதையாகத் தலையை ஆட்டினார். "பாலம்னு கேட்டீங்கன்னா அங்க பாலமே கிடையாதுன்னு பதில் வரும்ங்க. இருபதடிக்குக் கம்மின்னா ரெக்கார்டுல அது பாலம் இல்ல. கல்வர்ட்." அந்த வார்த்தை ஊரில் எல்லார் வாயிலும் கல்வெட்டுதான். காண்ட்ராக்டர்கள் கல்வெட்டு காண்ட்ராக்ட் எடுப்பார்கள், மேஸ்திரிகள் கல்வெட்டுக்கு மண் வெட்டுவார்கள், குடிகாரர்கள் கல்வெட்டின் மேல் உட்கார்ந்து குடிப்பார்கள். மன்னர்கள் கல்லில் பொறித்து வைத்த சொல்லை இப்படிக் குட்டிச்சுவராக்குகிறார்களே என்று இருபது வருஷமாக வகுப்பில் வருத்தப்பட்டு வருகிறவர் புலவர். அதனால் மிகுந்த கவனத்தோடு, 'கல்வர்ட் எனப்படும் சிறுபாலம்' என்று எழுதினார். ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிய பாவத்துக்காகப் பக்கத்திலேயே ஒரு தூய தமிழ்ச்சொல்லையும் நிறுத்தி வைத்ததில் அவருக்குத் திருப்தி.

கேள்வியை உறுப்பினரே கைப்பட எழுதிக் கொடுப்பது நல்லது என்று தர்மராஜிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெட்ராஸ் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் உட்கார்ந்து அவர் அதைப் படிவத்தில் பார்த்து எழுதினார். 'கல்வர்ட் எனப்படும் சிறுபாலம்' என்பது அவருக்கு நீளமாகப் பட்டது. எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று இருக்கும்போது இந்தப் புலவர்கள் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று நினைத்து, அந்த ஒரு சொல்லைப் போட்டார். ஸ்ரீரங்கத்தை அடுத்த வாழைத்திடலில் இருந்த கல்வெட்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது உண்மையா. உண்மையெனில் அதை மீண்டும் அமைக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது. செயலகத்தில் அதைப் பிரித்தவர் கண்ணில் ஸ்ரீரங்கம் பட்டது, கல்வெட்டு பட்டது. கல்வெட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு கணம்கூட யோசிக்காமல், பழைய கல்லையும் பழைய காசையும் பார்த்துக்கொள்கிற துறைக்கு அனுப்பினார்.

இதெல்லாம் புலவருக்குத் தெரிந்தது கோட்டையில், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்த பிறகு. தன் எழுத்து அவையேறுவதைப் பார்க்கத்தான், லீவு போட்டு, எம்.எல்.ஏ. தந்த பாஸோடு போயிருந்தார். சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார். மாடத்தில் இருப்பவர்கள் கால்மேல் கால் போடக்கூடாது, சிரிக்கக்கூடாது, கைதட்டக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது, கீழே இருப்பவர்களுக்குச் சைகை காட்டக்கூடாது என்று காவலர் சொன்னபோது அவர் தாராளமாகத் தலையாட்டினார்.

பேரவைத் தலைவர் பெயரைக் கூப்பிட்டார். தர்மராஜ் எழுந்து துண்டைச் சரிசெய்து எண்ணைச் சொன்னார். அமைச்சர் வாசித்தார். "(அ) இல்லை. மேற்படி ஊரில் கல்வெட்டு எதுவும் இருந்ததாகத் துறையின் பதிவேடுகளில் காணப்படவில்லை. (ஆ) எனவே இக்கேள்வி எழவில்லை."

தர்மராஜ் கையில், துணைக் கேள்விகள் மூன்றைப் புலவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் தொகுதியில் இருந்த ஒரு பொருளை இல்லை என்று இன்னொருவர் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, கல்வெட்டு இருந்தது. நானே அது மேல நடந்து போயிருக்கேன்."

எதிர்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் மெதுவாக எழுந்து, கல்வெட்டின் மேலேயா உறுப்பினர் நடந்து போனார் என்று கேட்டார். நான் மட்டுமா, மாட்டுவண்டியே போகும் என்றார் தர்மராஜ், பெருமையாக.

அதன் பிறகு நடந்ததைப் புலவர் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. முன்னோர் பொறித்த எழுத்தின் மேல் மாட்டுவண்டி ஓடுகிறது, இந்த அரசு பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் முழங்கினார். அது எந்த மன்னன் காலத்துக் கல்வெட்டு என்று ஒருவர் கேட்க, எங்க அப்பா காலத்திலிருந்து இருக்கிறது என்று தர்மராஜ் சொன்னார். தன் தொகுதியில் ஒரு கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டதாக ஒருவர் புகார் சொன்னார். தன் தொகுதியில் கல்வெட்டே இல்லை, எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று இன்னொருவர் எழுந்தார். யாரோ யாரையோ மாடு என்று சொல்ல, அந்தச் சொல் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுவதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். எந்த மாடு, வண்டி மாடா அல்லது உறுப்பினர் சொன்ன மாடா என்று விளக்கம் கேட்டார்கள். ஒரு சாரார் வெளிநடப்புச் செய்தார்கள். வெளியே போனவர்கள் டீ குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் திரும்பி வந்தார்கள். புலவர் தன்னையறியாமல் பாதி எழுந்து, சிறுபாலத்தின் வளைவைக் காற்றில் இரண்டு கையாலும் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். தோளில் கை விழுந்தது. காவலர், உட்காருங்க என்று காதோடு சொன்னார். சபைக்குள் மொத்தம் இரண்டு பேர்தான் அன்று விதிப்படி நடந்துகொண்டார்கள். ஒருவர் பேரவைத் தலைவர், இன்னொருவர் இந்தக் காவலர்.

கடைசியில் அமைச்சர், அதிகாரிகள் நேரில் சென்று அந்தக் கல்வெட்டைப் பற்றி ஆய்வு செய்வார்கள் என்று சபைக்கு உறுதிமொழி கொடுத்தார். மேசைகள் அதிர்ந்தன.

ஹாஸ்டலில் தர்மராஜ் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்று பேப்பர்காரர்கள் பேர் கேட்டுக்கொண்டு போயிருந்தார்கள். புலவர் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் நினைத்தது வேறு கல்வெட்டு, நாம் கேட்டது வேறு கல்வெட்டு, நாளைக்கே ஒரு திருத்தம் கொடுத்துவிடலாம் என்றார். விஷயம் தர்மராஜுக்குப் புரிந்தது. புரிந்தும் முகம் மாறவில்லை.

"சபையில சொன்னதைத் திருத்தினா நான் தெரியாம பேசினேன்னு ஆயிடும், புலவரே. அதே கேள்விய இந்தக் கூட்டத்தொடர்ல மறுபடி கேக்கவும் விடமாட்டாங்க." வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க, பாலத்துக்காக எவனாவது வெளிநடப்பு செய்வானா?"

இதில் எதை இருசம்மாளிடம் சொல்வது என்று மார்க்கெட் வாசலில் புலவர் தடுமாறினார். அமைச்சர் சொன்னதை மட்டும் சொல்லிவிடுவோம் என்று, "கேள்வி எழவில்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

இருசம்மாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள். "எழவு இல்லையாமா?"

"இல்ல, எழவில்லை. அதாவது..."

"அப்ப எழவு விழுந்தாத்தான் பாலம் போடுவாங்களா? என் சம்பந்தி விழுந்தா. அது சேத்துல விழுந்துச்சு, எந்திரிச்சு வந்துருச்சு, அதனால கணக்குல வராதா?" பக்கத்துக் கடைகளில் திரும்பிப் பார்த்தார்கள். "என் மவ மாசமா இருக்கா வாத்தியாரய்யா. எழவுக்கு நான் எங்க போவேன்?"

புலவர் எழுதல் என்னும் வினையின் எதிர்மறை வடிவத்தை விளக்க வாயைத் திறந்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக, இலக்கணம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு இலை வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

வைகாசியில் ஜீப் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. சேறு மட்டும் இருந்தது. மூன்று அதிகாரிகள் இறங்கினார்கள். அவர்களில் பெரியவர் ஷூ போட்டிருந்தார். கல்வெட்டு எங்கே இருந்தது என்று கேட்க, கூடியிருந்த ஊரே வாய்க்காலுக்கு மேலே காற்றைக் காட்டியது. இங்கே என்றால் எங்கே என்றார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் என்றார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவு நீளமான கல்வெட்டை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. எழுத்து இருந்ததா என்றார். ஓரத்தில் ஏதோ இருந்தது, காண்ட்ராக்டர் பேர் என்று நினைக்கிறேன் என்றார் ஒருவர். உடைந்த துண்டுகள் அந்தக் கரையில் கிடக்கலாம், போய்ப் பார்க்கலாம் என்று கூட வந்தவர் சொன்னார். பெரியவர் தென்னை மரத்தைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார்.

சபைக்குப் போன அறிக்கையில், குறிப்பிட்ட இடத்தைச் சென்றடைய உரிய பாலம் இல்லாமையால் ஆய்வு மேற்கொள்ள இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். அது எப்படியோ சுற்றிக்கொண்டு பரக்கத் அலியின் மேசைக்கு வந்தது. அவர் சைக்கிளில் பாலக்கரைக்கே வந்து புலவரிடம் சொன்னார்: "இப்ப ரெக்கார்டுல வந்துடுச்சுங்க, அங்க பாலம் இல்லன்னு. இனிமே எஸ்டிமேட் போடலாம்." கல்வெட்டைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு கல்வர்ட். புலவர் தலையைப் பிடித்துக்கொண்டார். லூர்துராணி பரக்கத் அலிக்கு டீ கொடுத்தாள், புலவருக்குக் கொடுக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் அடிக்கல் நாட்டு விழா. தார் ரோட்டுப் பக்கத்துக் கரையில் ஷாமியானா, மைக் செட், குலை தள்ளிய வாழை இரண்டு. வாய்க்காலில் அப்போது இடுப்புக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாழைத்திடல்காரர்கள் பாதிப் பேர் எதிர்க்கரையில் நின்றபடியே விழாவைப் பார்த்தார்கள். தர்மராஜ் ஒரு மணி நேரம் பேசினார். இந்தக் கல்வெட்டுக்காகச் சபையே இரண்டுபட்டது என்று அவர் சொன்னபோது கைதட்டினார்கள். அது பொய் இல்லை. பட்டுத்துணியை விலக்கினார். கறுப்புக் கல். மஞ்சள் எழுத்து. 'வாழைத்திடல் கல்வெட்டு' என்று மேலே பெரிதாக, அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாக எம்.எல்.ஏ.வின் பெயர். கல்லில் பொறித்துக் கொடுத்தவர், எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் பொறித்திருந்தார்.

பாலம் எப்போது என்று புலவர் பரக்கத் அலியிடம் மெதுவாகக் கேட்டார். பணம் ஒதுக்க வேண்டும் என்றார் அவர். அடுத்த பட்ஜெட்டில் வரவேண்டும், பட்ஜெட் வந்தால் ஒவ்வொரு துறையாக மானியக் கோரிக்கை வரும், அதைச் சபை விவாதித்து ஓட்டுக்கு விட்டு நிறைவேற்ற வேண்டும், அப்புறம் டெண்டர். அதுவரை சபை இருக்க வேண்டும் என்பதையும் அவர் ஒரு பேச்சுக்குச் சேர்த்துக்கொண்டார்.

இருசம்மாளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. விழா முடிந்த கையோடு டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூருக்குப் போய், அடிக்கல் நாட்டியாச்சு சம்பந்தியம்மா என்று சொல்லிவிட்டாள். கல்லா, பாலமா என்று அமிர்தம் கேட்டிருக்கிறாள். கல்லு முதல்ல வரும், பாலம் பின்னால வரும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அமிர்தம் நியாயமான மனுஷி. வளையல் அடுக்கி முடிந்ததும் தானே பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், வந்து கண்ணால் பார்த்துவிட்டு, மனசுக்குச் சரியென்று பட்டால் விட்டுவிட்டுப் போவதாகவும், இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே மருமகளோடு திரும்பிவிடுவதாகவும் சொல்லியனுப்பினாள். மறுநாள் மார்க்கெட்டில் இருசம்மாள் புலவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் அன்னிக்கு வந்து நிக்கணும் வாத்தியாரய்யா. நீங்க எழுதின பாலம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லூர்துராணியும் கூடவே கிளம்பினாள். எதற்கு என்று புலவர் கேட்டார். சும்மா, நீங்க எழுதினதை ஒரு தடவை பார்க்கலாமேன்னுதான் என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அடிக்கல் நட்ட இடத்தில் செங்கல் பீடம் மட்டும் இருந்தது. நாட்டிய வாரமே ஒரு மழைக்குக் கல் சாய்ந்துவிட்டது. தார் ரோட்டிலிருந்து தென்னை மரத்துக்கு இறங்குகிற சரிவு வழுக்கும். ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே படியாகப் போட்டிருந்தார்கள். எழுத்து மேலே இருந்தது. கால் வழுக்காமல் இருக்க அதுதான் தோது என்று சொன்னார்கள். தர்மராஜின் பெயரில் ஏற்கெனவே சேறு அப்பியிருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி, தார் ரோட்டிலிருந்து அமிர்தம் முன்னால் வந்தாள். பின்னால் காளியாயி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு, ஒரு துணிப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தையிலிருந்து அவள் இந்த வாய்க்காலைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் இருசம்மாள் நின்றாள். இலைக்கட்டு இல்லாமல் அவளைப் புலவர் அன்றுதான் பார்த்தார். முந்தானையை வாயில் கவ்வியிருந்தாள்.

அமிர்தம் சரிவில் இறங்கிக் கல்லின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றாள். எதிரே பார்த்தாள், பழைய தென்னை மரம்தான். பிறகு குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"என்னமோ எழுதியிருக்கே. நீங்கதான் வாத்தியாராமே. இதுல என்ன போட்டிருக்கு?"

புலவருக்குக் கல்லில் எழுதிய எதையும் உரக்கப் படிக்காமல் தாண்டிப் போகிற வழக்கமில்லை. கோயில் மதிலானாலும் கல்லறையானாலும் நின்று படிப்பார். இப்போது நாக்கு எழவில்லை.

"படிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள் லூர்துராணி பக்கத்திலிருந்து. "நீங்க கேட்ட கேள்விக்கு வந்த பதில்தானே."

அவர் குனிந்து தன் செருப்பு முனையால் சேற்றை விலக்கினார். முதல் சொல் தெரிந்தது. அதற்கு அடுத்த சொல்லுக்காக விலக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே எங்கோ வளையல்கள் சலசலத்தன. நிமிர்ந்து பார்த்தார். காளியாயி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மாமியாரைச் சுற்றிக்கொண்டு இறங்கி, தென்னை மரத்தின் மேல் போய்க்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. கீழே தண்ணீர் வேகமாகப் போயிற்று. அவள் கீழே பார்க்கவில்லை. அமிர்தம் கத்த வாயைத் திறந்து, கத்தினால் அவள் திரும்பிப் பார்த்துவிடுவாள் என்று, அப்படியே நிறுத்திக்கொண்டாள். மரம் நடுவில் ஒரு முறை மெல்லத் தாழ்ந்து நிமிர்ந்தது. வளையல் சத்தம் நின்றது. பிறகு மறுபடி, எதிர்க்கரையில் கேட்டது.

அமிர்தம் கல்லின் மேலேயே நின்றாள். ஒரு கால் எம்.எல்.ஏ.வின் பெயர் மேல் இருந்தது. மற்றக் காலை அவள் தூக்கியிருந்தாள், எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல்.